பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மஸ்தாவின் இரண்டு சீட், மடக்குக் கூரை ஸ்போர்ட்ஸ் காரான எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறை வண்டியை வாங்கியவர்களும் வாங்கத் துடிப்பவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி எழுதப்பட்டவை.

இதற்குள்ளேயே எத்தனை வகை இருக்கிறது? என்னுடையது எதில் சேர்த்தி?

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான வண்டியைத்தான் முதல் தலைமுறை என்கிறோம். மேலெழும்பும் ஹெட்லைட்தான் அடையாளம்; அடுத்த தலைமுறையில் அது போய்விட்டது. ஜப்பானில் இதே வண்டி யூனோஸ் ரோட்ஸ்டர், வட அமெரிக்காவில் மியாட்டா. பெயர் வேறானாலும் உதிரிப்பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

முதலில் வந்தது 1.6 லிட்டர் என்ஜின். 1993இன் பிற்பகுதியில் 1.8 லிட்டர் என்ஜினும் பெரிய பிரேக் தட்டுகளும் வந்தன. பிரேக் பாகம் வாங்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். கடையில் "எம்எக்ஸ்-5க்கு வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

இவ்வளவு பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ஓட்டலாமா? பத்திரமாக மூடிவைப்பதுதானே நல்லது?

ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் சீல்கள் காய்ந்து சுருங்கும், பிரேக் பிஸ்டன்கள் இறுகும், தொட்டியில் பெட்ரோல் கெடும், சைலன்சருக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது என்ஜின் முழுச் சூட்டுக்கு வரும் அளவுக்கு ஓட்டினால் இவற்றில் பாதி எட்டிக்கூடப் பார்க்காது.

ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டு அணைப்பது ஓட்டுவதாகாது. அதில் ஈரம் ஆவியாகும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. ஆயிலுக்குள் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம்.

வண்டி அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதனால் இப்போதைக்கு எதுவும் மாற்ற வேண்டாம், சரிதானே?

இல்லை. இந்த வயது வண்டியில் கிலோமீட்டரைவிட ஆண்டுதான் கணக்கு. ரப்பர் ஓடினாலும் நின்றாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். ஆகவே வாங்கிய முதல் மாதத்தில் என்ஜின் ஆயில், கியர் பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், கூலன்ட், பிரேக் திரவம், கிளட்ச் திரவம் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். முந்தைய உரிமையாளர் மாற்றியதாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு மாற்றுங்கள். பில் காட்டினால் மட்டும் விலக்கு.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. டயரின் கோடுகள் ஆழமாக இருக்கின்றன என்பதற்காகப் பத்து வயதுக்கு மேற்பட்ட டயரை வைத்துக்கொண்டு மழையில் வளைவுகளில் வேகம் காட்ட வேண்டாம். பின் சக்கரத்தால் ஓடும் இலேசான வண்டி இது; ரப்பர் இறுகிய டயரில் முன்னறிவிப்பின்றிச் சுழலும்.

டைமிங் பெல்ட் அறுந்தால் என்ஜினே போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே?

பல கார்களில் உண்மை. பிஸ்டன்களின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளை இயக்கவைக்கும் பல்பட்டை அது. இந்தத் தலைமுறையின் 1.6, 1.8 இரண்டிலும், என்ஜின் தொழிற்சாலையில் வந்தபடியே இருந்தால், பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை. என்ஜின் பிழைக்கும், நீங்கள்தான் நடுவழியில் நிற்பீர்கள். ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஆனால் முந்தைய கேள்வியில் சொன்ன வயதுக் கணக்கை இங்கேயும் போடுங்கள்.

பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பம்ப்பைச் சுழற்றுவது வெளியே உள்ள ஆல்டர்னேட்டர் பெல்ட்தான் என்றாலும், அதைக் கழற்ற டைமிங் பெல்ட்டை எடுத்தே ஆக வேண்டும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சீல்களும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) முன் சீலும் அந்த இடத்திலேயே இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துச் செய்யாத மெக்கானிக் உங்களிடம் இரண்டு முறை கூலி வாங்கப்போகிறார்.

என்னுடையது 1990 வண்டி. கிராங்க் பிரச்சினை என்கிறார்கள், அது என்ன?

1991இன் நடுப்பகுதி வரை வந்த 1.6 என்ஜின்களில் கிராங்க் தண்டின் முன் நுனி குட்டை. அதன் முன்னால் உள்ள புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட் சரியான அளவுக்கு முறுக்கப்படாவிட்டால், புல்லி நழுவாமல் பூட்டும் சிறு இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம் மெல்லத் தேய்ந்து அகலமாகிவிடும். புல்லி ஆட ஆரம்பிக்கும், டைமிங் நழுவும், வண்டி இழுவையை இழக்கும். முகப்பில் உள்ள புல்லியில் நான்கு பிளவுகள் இருந்தால் குட்டை நுனி, எட்டு இருந்தால் பிந்தைய நீளமான நுனி.

குட்டை நுனி என்றதும் வண்டியை விற்றுவிட வேண்டியதில்லை. என்ஜின் ஓடும்போது பானெட்டைத் திறந்து புல்லியை முன்னாலிருந்து கவனியுங்கள். ஆடாமல் சுழன்றால் நிம்மதி. டைமிங் பெல்ட் மாற்றும் நாளில் புதிய போல்ட் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்கச் சொல்லுங்கள். கண் மதிப்பில் முறுக்குகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக்டிக் என்று சத்தம். என்ஜின் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. வால்வுகளின் மேல் உள்ள ஹைட்ராலிக் டேப்பெட்டுகளில் ஆயில் நிரம்பும் வரை வரும் சத்தம் அது. சூடானதும் அடங்கினால் விட்டுவிடலாம். சூடான பிறகும் நீடித்தால் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரமாக இரண்டு முறை மாற்றிப் பாருங்கள். உள்ளே படிந்த அழுக்கு கரைந்து பல வண்டிகள் அமைதியாகிவிடும். ஆயில் ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, கை நுழையாத இடத்தில் இருக்கிறது. குளிர்ந்த பிறகு கழற்றுங்கள்; சூட்டோடு கையை விட்டால் முழங்கையில் முத்திரை குத்திவிடும்.

என்ஜினுக்குப் பின்னாலிருந்து ஆயில் சொட்டுகிறது. கியர் பாக்ஸை இறக்கி சீல் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்புறம், என்ஜினையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் தீச்சுவரை ஒட்டினாற்போல் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். ஆண்டுகள் போகப்போக அது பிளாஸ்டிக்போல் இறுகி, ஆயிலைக் கசியவிடும். ஆயில் ஹெட்டின் பின்பக்கமாகவே வழிந்து கியர் பாக்ஸ் கூட்டின்மேல் இறங்கி, அடியில் வந்து சொட்டும். கீழிருந்து பார்ப்பவருக்குக் கிராங்க் பின் சீல் போனதுபோலவே தெரியும்.

ஒரு கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து மேலிருந்து பாருங்கள். சென்சாருக்குக் கீழே ஈரமாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. கழற்றுவதற்கு முன் சென்சாரும் ஹெட்டும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். இக்னிஷன் டைமிங்கைத் தீர்மானிப்பது அந்த சென்சார் உட்காரும் கோணம்தான். வால்வ் கவர் கேஸ்கெட்டும் இதே இடத்தில் கசியக்கூடும் என்பதால் அதையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டையும் மாற்றிய பிறகும் சொட்டினால் கியர் பாக்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

ரேடியேட்டர் நன்றாகத்தானே இருக்கிறது, கசிவே இல்லை. ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?

மேல் தொட்டியின் நிறத்தைப் பாருங்கள். அந்த பிளாஸ்டிக் புதிதில் கறுப்பு. பழுப்பாகவோ மங்கிய பச்சையாகவோ மாறியிருந்தால் உள்ளே அது நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. கசிவு காட்டி எச்சரிக்கும் பழக்கம் அதற்கு இல்லை, ஒரு நாள் பிளந்துகொள்ளும். டாஷ்போர்டில் உள்ள வெப்ப முள்ளையும் நம்ப முடியாது. பரந்த எல்லைக்குள் எந்தச் சூட்டிலும் நடுவிலேயே நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அது நகரும்போது ஏற்கெனவே தாமதம்.

கிளட்ச் பெடல் தரையோடு போய்விட்டது. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டதா?

தட்டு தேய்ந்தால் என்ஜின் சுழலும், வண்டி வேகம் எடுக்காது. பெடல் அமுங்கிக் கிடப்பது, கியர் விழ மறுப்பது ஆகியவை ஹைட்ராலிக் கோளாறு. கியர் பாக்ஸ் கூட்டின் பக்கவாட்டில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் (திரவ அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் பாகம்) ரப்பர் உறையை நுனியில் மெல்ல விலக்குங்கள். உள்ளிருந்து கறுத்த திரவம் ஒழுகினால் அதுதான் குற்றவாளி. சின்னப் பாகம், இரண்டு போல்ட்.

அதை மட்டும் மாற்றினால் மேலே பெடலோடு சேர்ந்துள்ள மாஸ்டர் சிலிண்டர் சில மாதங்களில் போவது சகஜம். இரண்டும் ஒரே வயது, ஒரே ரப்பர். சேர்த்தே மாற்றுங்கள்.

பின் பிரேக் பேட் மாற்றுகிறேன். பிஸ்டன் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. கிளாம்ப் போட்டு அழுத்தலாமா?

அழுத்தவே கூடாது. ஹேண்ட் பிரேக்கின் தானியங்கிச் சரிசெய்யும் அமைப்பு அதற்குள் இருக்கிறது; பலம் போட்டால் உடையும். பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின்பக்கம் 14 மிமீ தலை கொண்ட ஒரு போல்ட் இருக்கும். அது வெறும் மூடிதான். அதைக் கழற்றினால் உள்ளே 4 மிமீ ஆலன் கீ பொருந்தும் திருகு தெரியும். அதை இடஞ்சுழியாகத் திருப்பத் திருப்பப் பிஸ்டன் தானாகப் பின்வாங்கும்.

புதிய பேட் வைத்த பிறகு அதே திருகை வலஞ்சுழியாகத் திருப்பி, தட்டு இறுகும் இடம் வந்ததும் மூன்றில் ஒரு பங்கு சுற்று தளர்த்துங்கள். "இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் எப்போதுமே சுமார்தான்" என்று சொல்லப்படுவதற்குக் காரணம், முக்கால்வாசிப் பேர் அந்த மூடியைத் திறந்ததே இல்லை என்பதுதான்.

மழை பெய்தால் சீட்டுக்குப் பின்னால் கம்பளம் நனைகிறது. கூரையில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

கூரையில் தேடாதீர்கள். மடக்குக் கூரை உடம்போடு சேரும் இடத்தில், இரண்டு சீட்டுகளுக்கும் பின்னால் மூலைக்கு ஒன்றாக வடிகால் துளை இருக்கிறது. மேலிருந்து வழியும் தண்ணீர் ஒரு ரப்பர் வாய்க்கால் வழியாக அந்தத் துளைக்கு வந்து, குழாயில் இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் அடியில் வெளியேற வேண்டும். இலைத்தூளும் மண்ணும் பழைய ரப்பர் துகள்களும் சேர்ந்து குழாயை அடைத்துவிட்டால் தண்ணீர் நிரம்பி உள்ளே வழிகிறது.

கம்பளம் நனைவது சின்னத் தொல்லை. உண்மையான கேடு கண்ணுக்குத் தெரியாது. தேங்கிய நீர் கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதிக்குள் இறங்கி, பின் சக்கர வளைவுக்கு முன்னால் உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். பெயின்ட் குமிழ்விட்டு வெளியே தெரியும்போது உள் தகடு சல்லடையாகியிருக்கும். அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்காமல் இந்த வண்டியை யாரும் வாங்கக் கூடாது. என்ஜின் மாற்றலாம், கியர் பாக்ஸ் மாற்றலாம். அழுகிய சில்லை வெட்டி ஒட்டும் செலவு இரண்டையும் விஞ்சும்.

சுத்தம் செய்வது எளிது. கூரையைப் பாதி உயர்த்தி, துளையைக் கண்டுபிடித்து, நுனி மழுங்கிய வளையும் பிளாஸ்டிக் கம்பியை மெதுவாகச் செலுத்துங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். ஊற்றிய வேகத்தில் கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு இன்னும் பாக்கி. இரண்டு பக்கமும் ஆண்டுக்கு இரண்டு முறை.

பின் கண்ணாடி மங்கி, நடுவில் மடிப்பு விழுந்துவிட்டது. என்ன செய்வது?

அது கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக். கூரையை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். அவசரத்தில் ஜிப்போடு மடக்கினால் மடிப்பு விழும், பிறகு அதே இடத்தில் விரிசல். கடுங்குளிரில் மடக்கவே வேண்டாம். ஈரக் கூரையை மடக்கிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதும் தவறு. முதலில் தண்ணீர், பிறகு மென்மையான துணி.

எந்த பேட்டரியாக இருந்தால் என்ன, பன்னிரண்டு வோல்ட்தானே?

இந்த வண்டியில் பேட்டரி டிக்கியின் வலது மூலையில், மூடிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் பொருந்தக்கூடிய, ஆயுள் முழுதும் மூடப்பட்ட வகைதான் வேண்டும். சாதாரண பேட்டரியின் அமில ஆவி சுற்றியுள்ள தகட்டை அரிக்கும். குழாய் இணைந்திருக்கிறதா என்று இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். பேட்டரி மாற்றியவர் அதைத் தொங்கவிட்டுப் போவது மிகச் சாதாரணம்.

ஒரு ஹெட்லைட் எழும்புகிறது, மற்றது தூங்குகிறது. இரவில் வழியில் நின்றால்?

பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு விளக்கின் மோட்டார் மீதும் ரப்பர் தொப்பி இருக்கும். அதைக் கழற்றி, உள்ளே உள்ள குமிழைக் கையால் திருகினால் விளக்கு மேலே வந்துவிடும். சுவிட்சை அணைத்த பிறகே கை வையுங்கள். வீட்டுக்கு வந்து ஃபியூஸ், இணைப்பு, மோட்டார் என்ற வரிசையில் தேடலாம்.

ஆயில் பிரஷர் முள் என் நண்பன் வண்டியில் ஏறி இறங்குகிறது. என்னுடையதில் அசையாமல் நிற்கிறது. எது கெட்டது?

இரண்டுமே நன்றாக இருக்கக்கூடும். 1994 வரையிலான வண்டிகளில் அது உண்மையான அளவி. என்ஜின் வேகத்தோடு ஏறும், சூடாகி நிற்கும்போது தாழும். 1995 முதல் அது பெயருக்கு ஒரு முள். அழுத்தம் இருந்தால் நடுவில், இல்லாவிட்டால் கீழே. ஓட்டுநர்கள் பயந்து பணிமனைக்கு ஓடிவருவதைத் தடுக்கச் செய்த மாற்றம் என்பது என் ஊகம். எனக்கு உண்மை சொல்லும் முள்தான் பிடிக்கும்.

சரி, பழுதெல்லாம் முடிந்தது. முதல் மேம்பாடு எது?

டயர். நல்ல புதிய டயரும் சரியான வீல் அலைன்மெண்டும் தரும் மாற்றத்தை வேறெந்த உதிரிப்பாகமும் தராது. தொழிற்சாலை அளவு 185/60 ஆர்14, காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. கனமான கார்களுக்குப் பழகிய கடைக்காரர் 34 நிரப்பிவிடுவார், வண்டி துள்ளிக்கொண்டே போகும், நீங்கள் ஷாக் அப்சார்பரைத் திட்டுவீர்கள்.

அடுத்தது ஷாக் அப்சார்பரும் சஸ்பென்ஷன் புஷ்களும். நான்கு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன் அமைப்பு, அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கரங்கள் பிடித்திருக்கும். அதன் அருமை முழுவதும் அந்த ரப்பர் புஷ்களை நம்பியிருக்கிறது. அவை நைந்த நிலையில் மேலே விலையுயர்ந்த ஸ்பிரிங் போடுவது வீண். அலாய் சக்கரம் மாற்றுவதானால் 15 அங்குலத்தோடு நிறுத்துங்கள், எடையைப் பார்த்து வாங்குங்கள். ஒரு டன்னை ஒட்டிய எடைதான் வண்டி. கனத்த 17 அங்குலச் சக்கரம் அதன் சுறுசுறுப்பைக் கொன்றுவிடும்.

கைக்குத் தெரியும் மலிவான மேம்பாடு ஒன்று உண்டு. கியர் தண்டின் அடியில் உள்ள இரண்டு ரப்பர் உறைகளையும் பிளாஸ்டிக் புஷ்ஷையும் புதிதாக்கி, தண்டு உட்காரும் கிண்ணத்தில் கியர் ஆயில் விடுங்கள். கால்களுக்கு அருகே வந்த சூடும் இரைச்சலும் குறையும். மணிக்கட்டை அசைத்தால் கியர் விழும் அந்தப் பழைய சுகமும் திரும்பும்.

குதிரைத்திறனைக் கூட்ட ஆசை. டர்போ போடலாமா?

முதலில் இலவசமானது. 1.6இல் இக்னிஷன் டைமிங் தொழிற்சாலை அளவு 10 பாகை. சோதனைப் பெட்டியில் உரிய இரண்டு முனைகளை இணைத்துவிட்டு, டைமிங் விளக்கின் உதவியோடு முன்பு சொன்ன கேம் ஆங்கிள் சென்சாரைச் சற்றே திருப்பி 14 பாகை வைப்பவர்கள் பலர். உயர் ஆக்டேன் பெட்ரோல் கட்டாயம். பெடலின் முதல் அசைவுக்கு வண்டி கொஞ்சம் விழிப்பாகப் பதில் சொல்லும், அவ்வளவுதான். பெரிய ஓசை எழுப்பும் சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் காதுக்குத்தான் வேகம் கூட்டும்.

டர்போ போடலாம். ஆனால் ரேடியேட்டர், பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கணினி, கிளட்ச், பிரேக் எல்லாம் அதன் பின்னாலேயே வரிசையில் நிற்கும். குட்டை நுனிக் கிராங்க் என்ஜினில் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

ரோல் பார் போட்டால் பாதுகாப்புதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

உங்கள் தலை இருக்கும் இடத்தை யோசிக்க வேண்டும். வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றும் அதே இரும்புக் குழாய், பின்னாலிருந்து யாராவது மோதினால் தலைக்கவசம் அணியாத தலையில் அடிக்கக்கூடும். சீட்டைப் பின்னால் தள்ளி உட்காரும் உயரமானவர்களுக்கு அபாயம் கூடுதல். போடுவதானால் அடர்த்தியான பாதுகாப்பு மெத்தை சுற்றப்பட்டிருக்க வேண்டும், உங்கள் தலை அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். அழகுக்காக விற்கும் மெல்லிய வளைவுகள் எதையும் தாங்கா.

இதெல்லாம் செய்த பிறகு ஓட்டுவதில் என்னதான் சுகம்? என் குடும்பக் கார் இதைவிட வேகமாகப் போகிறதே?

போகும். நேர் சாலையில் இதை மெச்சுவதற்கு ஒன்றுமில்லை. வளைந்த சாலைக்குப் போங்கள். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே, முன் சக்கரம் எதன்மேல் ஏறுகிறது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். குதிரையும் வீரனும் ஓருடலாவது என்ற பொருளில் "ஜின்பா இத்தாய்" என்பதை மஸ்தா பொறியாளர்கள் இதற்கு இலக்காக வைத்தார்கள்.

குளிர்காலத்திலும் கூரையைத் திறங்கள். பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரைக் காலுக்குத் திருப்புங்கள். காற்று தலைக்குமேல் போய்விடும். என்ஜின் சூடாகும் வரை மட்டும் பொறுமை. முக்கியமாக இரண்டாம் கியர் குளிரில் முரண்டு பிடிக்கும், அதைத் திணிக்காதீர்கள்.

மாற்றங்கள் செய்தால் விற்கும்போது விலை குறையுமா?

திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத மாற்றம் குறைக்கும். தகட்டை வெட்டுவது, வயர்களை அறுத்து ஒட்டுவது இரண்டும் அந்த வகை. போல்ட்டில் கழன்று வரும் எதுவும் கவலையில்லை, கழற்றியதை நீங்கள் தூக்கி எறியாதவரை. இந்த வண்டியின் அசல் தோற்றத்துக்கு மதிப்பு ஏறியிருக்கிறது. மஸ்தாவே 2017இல் ஜப்பானில் மீட்டமைப்புத் திட்டத்தை அறிவித்து, மடக்குக் கூரை முதல் மர ஸ்டீயரிங் வரை மறுபடி தயாரித்தது. பிரிட்ஜ்ஸ்டோன் பழைய டயர் வடிவத்தையே திரும்ப வார்த்துக் கொடுத்தது.

கழற்றிய பாகத்தைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, அதன் போல்ட்டுகளோடு ஒரே பையில் போட்டு, எந்த இடத்துப் பாகம், எந்தத் தேதியில் கழற்றியது என்று எழுதிவையுங்கள். போல்ட் தனியாக, பாகம் தனியாக வைத்தால் இரண்டும் பழைய இரும்புதான்.